அட்டையில்லாப் புத்தகமும் ஆறு தம்ளரும்

நண்பரின் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் போனில், "மாமா, டெக்னாலஜி, சயின்ஸ், தெளிவா யோசிக்கிறது, இதுக்கெல்லாம் நான் என்ன படிக்கணும்? ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க" என்றாள். முப்பது வருஷம் புரோகிராம் எழுதிப் பிழைத்தவனிடம் இப்படிக் கேட்டால் தலைகால் புரியுமா? தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்று என்று எண் போட்டதோடு சரி, பேனா நின்றுவிட்டது. என் முதல் புத்தகத்தின் பெயரே எனக்குத் தெரியாது.

அட்டையில்லாமல்தான் அது என் கைக்கு வந்தது. எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் படித்துக் கழித்த புத்தகங்கள், எப்படியோ திரேஸ்புரத்துப் பழைய பேப்பர் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கே அவை கருவாடு கட்டுகிற தாள்தான். டீசலும் கருவாடும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

மனிதன் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக்கொள்கிறான், ஏமாறாமலிருக்க எதையும் எப்படிச் சோதித்துப் பார்ப்பது, இதுதான் அந்த ஆங்கிலப் புத்தகத்தின் விஷயம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓர் உப்பளத்தில் உப்புத்தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் வேலை. கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டால் டிகிரி காட்டும். இருபத்தைந்தில் உப்பு விளையும், முப்பதை நெருங்கினால் கசப்பு ஏறிவிடும். மிதவை மிதக்கிற நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அரைப்பக்கம் படித்துவிடுவேன். அறிவாளி ஆகிவிட்டதாக ஒரு மிதப்பு எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

அங்கே சூப்பர்வைசர் தங்கராசு அண்ணாச்சி. நாற்பது வயதிருக்கும். மிதவையெல்லாம் அவருக்கு வேண்டாம். உப்புப் பாத்தியில் விரலை முக்கி, கட்டைவிரலோடு தேய்த்து, நாக்கில் வைத்து, "இருவத்தாறு" என்பார். முதலாளியும் தலையாட்டுவார். என்னைக் கண்டாலே அண்ணாச்சிக்கு ஆகாது. ஒருநாள் கொட்டகையில் டீ போட அடுப்பு பற்றவில்லை. என் பையிலிருந்து புத்தகத்தை உருவி, கொத்துக் கொத்தாகக் கிழித்து அடுப்பில் வைத்தார். உப்பு வாருகிற இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அது என் புஸ்தகம்!"

"உப்புக்கு இங்கிலீசு தெரியாதுலே. டீயக் குடி."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது எனக்கு. அந்த டீயை நான் குடித்தேன் என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் பல்லைக் கடிக்க வைக்கிறது. இவரை இதே இருபது பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வழி அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. "அண்ணாச்சி நாக்கு பெருசா, மிதவை பெருசான்னு பாத்திரலாமே" என்று முதலாளியை உசுப்பிவிட்டேன். ஆறு பாத்தித் தண்ணீரை ஆறு தம்ளர்களில் பிடித்தேன். மிதவை காட்டிய டிகிரிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜெயிக்க ஆசைப்படுகிறவன் கையில் விடைத்தாள் இருக்கக் கூடாது என்று புத்தகம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை வாசித்தவன்.

அண்ணாச்சி நிதானமாக ஆறையும் நாக்கில் வைத்துப் பார்த்து ஆறு எண் சொன்னார். கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார். "வாசிடே" என்றார் முதலாளி. தாளைப் பிரித்தேன். அண்ணாச்சி சொன்னது ஆறும் அப்படியே இருந்தது.

அந்த இருபது பேரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தாளைக் கீழிருந்து மேலாக வாசித்தேன்.

ஒன்றுகூடப் பொருந்தவில்லை. யாரும் மிதவையைக் கேட்பதற்குள் தம்ளர்களைக் கவிழ்த்தேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார், அந்த இருபது பேரும் சிரித்தார்கள். இனி மிதவை சொல்கிறபடிதான் என்று அன்றே உத்தரவாகிவிட்டது. அன்று நான் சாப்பிட்ட சோறு ருசித்தது மாதிரி அதற்குப் பிறகு எதுவும் ருசித்ததில்லை.

சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். "ஏலே, நாலாவது தம்ளரு இருவத்தேழுதான?"

"இருவத்திரெண்டு, அண்ணாச்சி."

தன் விரலை ஒரு தரம் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். பிறகு அவர் பாத்தியில் விரல் வைத்து நான் பார்க்கவில்லை. "எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுடே" என்று என்னிடமே கேட்பார். அங்கே இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன், உண்மையைச் சொல்லவில்லை. நான் படிக்காத நாற்பது பக்கத்தையும் எரித்தவர், அதற்குள் விட்டுவிடுவதா என்றிருந்தது. அப்புறம் மெட்ராஸ், கம்ப்யூட்டர், பிழைப்பு.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனவன் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பாத்திகள் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. உப்பு வாரியவர்கள் யாரும் இல்லை, முதலாளி குடும்பமும் விற்றுவிட்டுப் போய்விட்டது. எதிரே சின்ன சாப்பாட்டுக் கடை. நடத்துவது அண்ணாச்சியின் மகன். அவர் இறந்து ஆறு வருஷமாகிறதாம். கூட வேலை பார்த்தவன் என்றதும் உட்காரவைத்து இலை போட்டான்.

"அப்பாக்கு ஒரு பழக்கம் சார். சாப்பாட்டுல கை வைக்குமுன்ன, உப்பு சரியா இருக்கான்னு அம்மாகிட்ட கேப்பாவ. கடைசி வரைக்கும். தன் நாக்க நம்பவே மாட்டாவ."

குழம்பை ஊற்றிவிட்டு, "உப்பு போதுமா சார்?" என்றான்.