பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள்

வீடு வாங்கப் போகிறோம் என்று யாராவது வந்து சொன்னால் நான் விலையைக் கேட்பதில்லை. பின்னால் போய்ப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன். பார்த்தோம் என்றால், வெயிலிலா மழையிலா என்று அடுத்த கேள்வி. பலர் முழிப்பார்கள். முழிக்கட்டும். மற்ற விஷயங்களில் நான் வாயை மூடிக்கொண்டு போகிறவள்தான். இந்த இரண்டு கேள்விகளை மட்டும் யாரிடமும் விடாமல் கேட்பேன்.

சிலோனிலிருந்து நாங்கள் கப்பலேறி வந்தபோது எனக்குக் கல்யாண வயது. நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா, அம்மா, நான் மூவருக்கும் வேலை கிடைத்தது. கூடவே, வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பராவும், அதாவது ஒற்றை அறையும், கிடைத்தது. கடல் தாண்டி வந்தும் லயம்தானா என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. சிலோனில் உழைத்த காலமெல்லாம் பிடித்து வைத்த சேமநிதி அவர் கைக்கு வந்திருந்தது. இன்னொரு தடவை வராத பணம். எங்களோடு வந்தவர்களில் சிலர் அதைக் கண்டவனிடம் கொடுத்து ஏமாந்து நின்றார்கள். அதைப் பார்த்த பிறகு, பணம் ஒரு வீடாக மாறும்வரை அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

மாசி மாதத்தில் ஒரு வீடு வந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், தகரக் கூரை, பின்னால் சரிவு. விற்கிறவர் மளிகைக் கடை வைத்திருந்தவர். மகளோடு இருக்க மேட்டுப்பாளையம் இறங்கப் போவதாகச் சொன்னார். நல்ல வெயில் நேரத்தில் எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார்.

நாங்களும் பார்த்தோம், பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். அப்பா முன்கதவைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். பிறந்ததிலிருந்து தோட்டத்துத் துரையின் கதவுக்குள்ளேயே இருந்தவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். அம்மா அடுப்பைப் பார்த்தாள், குழாய் எவ்வளவு தூரம் என்று விசாரித்தாள். நான் சன்னலைத் திறந்து மூடினேன். சமையலறையின் பின்சுவர் முழுக்க விறகு அடுக்கியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கதவின் தலை மட்டும் தெரிந்தது. "வெறகையும் சேத்தே எடுத்துக்குங்க" என்றார் அவர். எங்களுக்கு வாயெல்லாம் பல். புதுச் சுண்ணாம்பு வாசனை வேறு.

அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நாங்கள் இருந்த லயம் முதுகோடு முதுகு ஒட்டியது. எங்கள் பின்சுவர்தான் அடுத்த வீட்டுக்காரருக்கும் பின்சுவர். ஒரு காம்பராவுக்கு ஒரே வாசல். வீட்டுக்குப் பின்புறம் என்று ஒன்று உண்டு என்பதையே அறியாத ஜனம் நாங்கள்.

சித்திரையில், அட்வான்ஸ் கொடுக்க இருந்த வாரம், மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்று கீழே பார்த்தால் அந்த வீடு தெரிந்தது. முதல்முறையாக அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு இடம் எடுக்க வெட்டிய மண்மேடு சுவரை உரசாத குறையாக நின்றது. சரிவில் இறங்கிய தண்ணீர் எல்லாம் நேராகப் போய் அந்தச் சுவரில் மோதியது. சன்னல் உயரத்துக்குப் பாசி.

அன்று சாயங்காலம் சொன்னதும் அப்பா எரிந்து விழுந்தார். "சுண்ணாம்பு அடிச்ச வீடு புள்ள. நான்தான் பூட்டித் தொறந்து பாத்தேன்ல?"

"கதவத்தான் பாத்தீங்க. வீட்ட யாரு பாத்தா?" என்றேன்.

அந்த வாய்க்கு அடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. மறுநாளும் மழை. வேலை விட்டதும், போர்த்தியிருந்த கம்பளியோடு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங்க, இந்த மழையில யாராச்சும் ஊடு பாக்க வருவாங்களா? வெயில் வரட்டுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"மழையிலயும் இதுலதானே இருக்கணும்?" என்றேன். விறகை எடுக்கச் சொன்னேன். பூச்சி பொட்டு இருக்கும் என்று இழுத்தார். நானே எடுக்க ஆரம்பித்தேன். விறகுக்குப் பின்னால் சுண்ணாம்பு இல்லை. சுவர் கறுத்து ஊறிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் கல்லிடுக்கு மண் சேறாக வந்தது. கதவு தண்ணீரில் உப்பியிருந்தது. அப்பா பலம் கொடுத்து இழுத்துத் திறந்ததும் வெளியே தேங்கி நின்ற தண்ணீர் உள்ளே வந்து எங்கள் காலை நனைத்தது.

அப்பா தண்ணீர் வந்த வழியைப் பார்த்தார். சிலோனில் அவருடைய வேலையே கான் வெட்டுவதுதான். மழை, தேயிலை மண்ணை அரித்துப் போகாமல் மலைச்சரிவில் தண்ணீருக்கு வெட்டும் வழிக்கு எங்கள் ஊரில் கான் என்று பெயர்.

"தொரையோட தேயிலைக்கு ஆயுசு பூரா கான் வெட்டினேன். எனக்கு ஒரு வீடுன்னு வந்தப்ப, கான் இருக்கான்னு பாக்கலியே புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஏன்தான் கூட்டி வந்தோம் என்றுகூட இருந்தது.

ஆனால் அடுத்த பேச்சில் அவர் குரலே மாறிவிட்டது. மழையிலேயே வெளியே இறங்கி மேட்டைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் திரும்பினார். "கல்லு நல்ல கல்லு. தண்ணிதான் கோளாறு. நான் கான் வெட்டித் தாரேன். ஐப்பசி மழை போகட்டும். சொவரு காஞ்சா வாங்கிக்கிறேன்."

"வேற பார்ட்டி வெள்ளிக்கெழம வர்றாங்களே."

"வரட்டும். அவங்களயும் இந்தப் பக்கம் கூட்டியாந்து காட்டுங்க."

வீட்டுக்காரர் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை யாரும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடந்தோம். அப்பா மேட்டைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கிற அளவு தள்ளி வெட்டிச் சரித்தார். அதற்கு மேலே குறுக்கே கான் எடுத்துப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினார். அம்மாவும் நானும் மண் சுமந்தோம். எவன் வீட்டுக்கோ ஓசியில் வேலை செய்கிறான் என்று லயத்தில் கேலி பேசினார்கள். வீடு சரியானதும் அந்த ஆள் விலையை ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயம்தான். அப்பா காதில் அதெல்லாம் ஏறவில்லை.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. குடை பிடித்துக்கொண்டு போய்ப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் அப்பா காட்டிய வழியில் போனது. மார்கழி வெயிலில் அந்தச் சுவரில் கை வைத்தேன், ஈரம் ஒட்டவில்லை. வீட்டுக்காரரும் சொன்ன விலையை மாற்றவில்லை. அவர் விறகை அடுக்கி மறைத்ததைச் சொன்ன நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தை மாதம் சாவி கைக்கு வந்தது. முன்வாசலில் நின்று அப்பா பூட்டுவார், திறப்பார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார். நல்ல நேரம் போகிறதே என்று அம்மா அவரை வைதுகொண்டே அடுப்பு மூட்டிப் பால் வைத்தாள்.

பால் பொங்குகிற நேரம் பின்கதவில் தட்டுகிற சத்தம். திறந்தேன். கால் முழுக்கச் சேறோடு அப்பா நின்றார். "கான்ல தழை அடைச்சிருந்துச்சு, எடுத்துவிட்டேன்" என்றார். அப்புறம், யாரோ வீட்டுக்கு விருந்தாளி வந்தவர் மாதிரி, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

அம்மா பாலை விட்டுவிட்டு அழுதாள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வீட்டின் இரண்டாவது வாசல் வழியாக உள்ளே வந்தது அன்றுதான்.