விரிப்பு மடித்த பாட்டு

இன்று காலை மருமகள் தலையணை உறைகளை அயன் பண்ணினாள். சூட்டு ஆவியோடு பருத்தி மணம் எழும்பியதும் என் இரண்டு கையும் தாமாக உயர்ந்தன. எதிரே யாரோ விரிப்பின் மற்ற முனையைப் பிடித்து நிற்பது போல. வாயில் ஒரு ஸ்கொட்லாந்துப் பாட்டு.

மன்னார்க்காரிக்கு அது எங்கால் வந்தது என்று கேட்பீர்கள். மொரின் தந்தது. மன்னாரை விட்டு இந்த நாட்டுக்கு வந்தபிறகு, செவன் ஹில்ஸில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லோண்டரியில் அவள் என் ஜோடி. அவளும் மீன்பிடிக் கரையில் பிறந்தவள்தான், கடல் மட்டும் குளிர்க்கடல். பெரிய விரிப்பை இரண்டு பேர் மடிக்க வேண்டும். கிட்ட வந்து முனையைக் கொடுத்து, திரும்ப விலக வேண்டும். ஒரு விரிப்புக்கு ஒரு சரணம் என்பது மொரின் வைத்த ஒழுங்கு. கிட்ட வரும்போது அவள் பாடுவாள், விலகும்போது நான் பின்பாட்டு.

பாட்டின் கதை இது: கடலுக்குப் போனவன் வரவில்லை. பெண்சாதி ஏழு வருடம் கரையில் விளக்கு வைக்கிறாள். ஒருநாள் கதவு தட்டிக் கேட்கிறது. வந்தவனின் உடுப்போ இன்னும் ஈரம். இருபத்தாறு சரணம். இங்கிலிஷ் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் தபசு காலத்தில் கோயிலில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடி வளர்ந்தவள் நான். காதால் கேட்டதை விடமாட்டேன்.

பிறகு மொரினுக்குத் தொண்டையில் ஒப்பரேஷன், குரல் போய்விட்டது. அவளுடைய ஸ்கொட்லாந்து ஆட்கள் வருடா வருடம் ஒரு மண்டபத்தில் கூடிப் பாடுவார்கள். அது அவள் தாய் வீட்டுப் பாட்டு, வேறு எவருக்கும் முழுதாகத் தெரியாது. விட்டால் அதோடு சரி. நீ பாடு என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

வீட்டில் என் மனுசன் சிரித்தார். "உமக்கு இங்கிலிஷ் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. வெள்ளைக்காரருக்கு முன்னால என்னெண்டு பாடப்போறீர்?"

"கடதாசி பாத்துப் பாடக் கூடாதாம், அதுதான் அங்க சட்டம். அப்ப எனக்குத்தான் வசதி."

கூறைச் சேலை கட்டிக்கொண்டு மனுசனோடு போனேன். பதினெட்டுச் சரணம் காற்றுப் பிடித்த வள்ளம் போலப் போயிற்று. பத்தொன்பதில் நின்றுவிட்டது. ஒரு சொல்லும் வரவில்லை. சனம் மரியாதைக்கு நிலத்தைப் பார்த்தது.

முன் கதிரையில் இருந்த மொரின் எழும்பினாள். தேத்தண்ணி மேசை விரிப்பை உருவினாள். பிஸ்கட் தட்டு கீழே விழுந்ததை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். கிட்ட வந்தோம். சரணம் வந்தது. மடித்தோம், உதறினோம், திரும்ப மடித்தோம், இருபத்தாறும் முடியும் வரைக்கும். பின்பாட்டை மண்டபமே பாடியது. மனுசனும் பாடினார், சுருதி இல்லாமல்.

காரில் திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "இஞ்சரும், ஒண்டையும் விடேல்லை." அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

லோண்டரி இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. மொரினும் இல்லை, மனுசனும் இல்லை. விரிப்புகளுக்கு நாலு மூலையிலும் இலாஸ்டிக் வந்துவிட்டது. மருமகள் தனியாகவே சுருட்டி அலுமாரிக்குள் தள்ளுவாள், கிட்ட வர ஒருவரும் தேவையில்லை. ஆனால் இன்று காலை நான் இருபத்தாறையும் பாடி முடித்த பிறகுதான் கையை இறக்கினேன்.