பிடுங்கியது நான்தான்

கரீபியன் கடலில் டொமினிக்கா என்றொரு சின்னத் தீவு. எங்கு பார்த்தாலும் மழைக்காடு, செங்குத்தான மலைகள். டொரண்டோவில் வேலை பார்க்கும் நானும் என் மனைவியும் போன டிசம்பரில் ஒரு வாரம் அங்கே போயிருந்தோம். மலையேற வேண்டும், கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் ஆசை. தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள், கனடா வந்த பிறகுதான் நீச்சல் கற்றுக்கொண்டாள். நான் பூதலூர்ப் பக்கம். "ஆத்துத் தண்ணியில வளந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சொல்லிவிட்டு, கடலுக்குள் கூட்டிப்போகிறவர்கள் கொடுத்த படிவத்தில் நீச்சல் தெரியும் என்று டிக் அடித்தேன். உண்மையில் ஆற்றில் இடுப்பளவைத் தாண்டி நான் போனதே இல்லை.

பயிற்சியாளர் அந்தத் தீவுக்காரப் பெண்மணி. காலையில் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் முதுகில் காற்று உருளையும் வாயில் மூச்சுவிடும் குழாயும் மாட்டி எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, எங்கள் இருவரையும் கீழே கூட்டிப்போனார். நாலைந்து ஆள் ஆழம் இருக்கும். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆமையைக் காட்டுவதற்காக மனைவி என் தோளைத் தட்டினாள். சட்டென்று திரும்பியதில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. என் குழாயில் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. வரவில்லை என்று நினைத்துவிட்டேன். அதைத் துப்பிவிட்டு, அவள் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன்.

அவள் கைகாலை உதறவில்லை. அவசரத்துக்கென்று உடுப்போடு தொங்கிய இன்னொரு குழாயைத் தடவி எடுத்து வாயில் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் எங்களை மெதுவாக மேலே கொண்டுவந்தார். படகில் நான் வாந்தி எடுத்தபோது முதுகைத் தடவிவிட்டதும் அவள்தான்.

மறுநாள் அருவிக்கு மலையேறினோம். சேற்றுப் பாதையில் அவள் முன்னால் நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்றாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். "தண்ணி வேணுமா?" என்பாள். வாங்கிக் குடித்துவிட்டு நடப்பேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தோம். சீர் கொண்டுவந்த மாமனாரும் மனைவியின் தம்பியும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மச்சான், கடலுக்கு அடியிலயே போனீங்களாமே? அக்கா பயப்படலியா?" என்று அவன் கேட்டான்.

"ஏன் கேக்குறே! பயத்துல என் வாயில இருந்த குழாயையே புடுங்கிட்டா. நான்தான் புடிச்சு மேல கொண்டாந்தேன்."

யோசிக்காமல் வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். யோசித்துத்தான் சொன்னேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். வடைத் தட்டோடு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாமனார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை மாப்ளே, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அம்மாடி, இனிமே தண்ணி பக்கமே போகக்கூடாது. கேட்டியா?"

"சரிப்பா."

முறையாகப் பயிற்சி முடித்து அடுத்த வருடமும் கடலில் இறங்க வேண்டும் என்று விமானத்தில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள் அவள்.

அவர்கள் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். "நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அப்பா முன்னாடி உங்கள எப்படி விட்டுக்கொடுக்கறது?" பாத்திரம் கழுவியபடியே சொன்னாள். "நீங்களே மாத்திச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு நாள் கழித்துத்தான் மாமனாருக்கு போன் செய்தேன். "மாமா, அன்னைக்கு நான் சொன்னது பொய். குழாயைப் புடுங்கினது நான்தான். காப்பாத்தினது அவ."

மாமனார், "அவகிட்ட குடுங்க" என்றார்.

அவள் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். "ஆமாம்பா... இல்லப்பா, எனக்குப் பயமே இல்ல" என்று சொல்வது கேட்டது. பிறகு ஆமையைப் பற்றி, அது எவ்வளவு பெரியது என்று, சின்னப் பிள்ளைபோல விவரிக்க ஆரம்பித்தாள். அந்த ஆமையைப் பற்றி அவள் பேசி நான் கேட்பது அதுதான் முதல்முறை. போன் திரும்பி என் கைக்கு வந்தபோது மாமனார் வைத்துவிட்டிருந்தார்.