வெள்ளைத் தட்டில் போண்டா எண்ணெய்

நிலாவின் தரையில் என்ன கல் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் விரலில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. என் சர்வீஸில் செய்த முட்டாள்தனங்களுக்கு நம்பர் போட்டால் இதுதான் ஒன்றாம் நம்பர்.

கல்லில் பட்டுத் திரும்பும் வெயிலை ஸ்பெக்ட்ரோமீட்டர் அலைநீளவாரியாகப் பிரிக்கும். ஒவ்வொரு கனிமமும் சில அலைநீளங்களை விழுங்கும். கிராஃபில் அங்கே பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களை வைத்துத்தான் நிலாவையே படிக்கிறோம். உத்திரமேரூர் பக்கத்துக் குவாரிக் கல்லில் உள்ள பைராக்ஸீன் என்ற கனிமம் நிலாவிலும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தோம். கல்லை அளக்கும் முன் ஒரு வெள்ளைத் தட்டை அளக்க வேண்டும். எங்கள் தராசுக்கு அதுதான் எடைக்கல்; கல்லின் அளவைத் தட்டின் அளவால் வகுத்துத்தான் கிராஃப் வரும்.

தீசிஸ் என் மாணவி சபீராவுடையது. கருவி இரவல், சாயங்காலம் திருப்பியாக வேண்டும். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவள் அப்பா வேனும் கொடுத்து, போண்டாவும் வாங்கி வந்திருந்தார். தின்றேன். தின்ற கையோடு தட்டை எடுத்து வைத்தேன்.

அதன்பின் எல்லா கிராஃபிலும் ஒரே இடத்தில் ஒரு மேடு.

"சாம்பிளைக் கழுவவே இல்லை. குவாரி கிரீஸ் அப்படியே இருக்கு. இதை வெச்சு தீசிஸா?" என்று கத்தினேன்.

"நல்லாத்தான் கழுவினேன் சார்."

அப்பா குறுக்கிட்டார். "இன்னாம்மா, கல்லக்கூடவா கழுவத் தெர்ல? இதுக்கா அவ்ளோ தூரம் படிக்கப் போன?"

அவள் மறுபடி கழுவினாள். மேடு அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கல்லில் எண்ணெய் இருந்தால் பள்ளம்தான் விழும். தட்டில் இருந்தால்தான் மேடு வரும். வகுப்பில் நானே நடத்தும் பாடம். தட்டைச் சாய்த்தேன். என் கட்டைவிரல் ரேகை பளபளத்தது. குவாரிக் குட்டையில் குதித்துவிடலாம் போலிருந்தது. அதிலும் முழங்கால் தண்ணீர்தான்.

"பாய், உங்க பொண்ணு மேல தப்பில்லை. உங்க போண்டாவும் என் கையும்தான்..."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மகளிடம், "இப்ப இன்னாம்மா வோணும்?" என்றார்.

"நைஸ் உப்புத்தாள் வேணும். தண்ணில வெச்சி தேச்சா தட்டு சரியாப்பூடும்."

வேனை எடுத்துக்கொண்டு கடைக்கே போய் வந்தார். அவள் தேய்த்து, உலர்த்தி, அளந்தாள். மேடு போயிருந்தது. வெயில் சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

தம்பிகளே, கிராஃப் கோணினால் மாணவரைத் திட்டும் முன் தட்டைப் பாருங்கள். தட்டுக்கும் முன் உங்கள் கையைப் பாருங்கள்.

"மன்னிச்சுக்கம்மா. கொடு, அடுத்த கல்லுக்கு நானே தட்டை வைக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல கையக் கழுவிக்கினு வாங்க சார்."