பாதையடியில் உறுமி நின்ற மூன்று வான்கள்

போன வருடம், கச்சான் காற்று சுழற்றி அடிக்கிற மாதங்களில் ஒரு காலைப்பொழுது. வெல்லாவெளிப் பக்கம் எனக்கிருக்கும் துண்டு வயலைப் பார்க்கப் போவதற்காக, வாவியின் இக்கரையில் பாதைக்குக் காத்து நின்றேன். எங்கள் பகுதியில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. அது அக்கரையில் நின்றது. நான் எப்போது போனாலும் அது அக்கரையில்தான் நிற்கும்.

எனக்கு முன்னால் மூன்று வான்கள். மூன்றும் ஒரே பார்சல் கொம்பனியுடையவை. இணையத்தில் வாங்கும் செருப்பையும் செல்போன் உறையையும் அக்கரையான படுவான்கரையின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவை. பாதை வந்துசேர அரை மணித்தியாலம் ஆகும் என்று தெரிந்தும் மூன்றிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாரதிகள் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள். குளிர் அவர்களுக்கு, புகை எங்களுக்கு. வான் கதவுகளில் பச்சை இலை ஒன்றை வரைந்து 'சூழலைக் காப்போம்' என்று வேறு எழுதியிருந்தார்கள்.

இது எனக்குப் பழைய வழக்கு. அரச அலுவலகங்களில் ஆயுள் முழுக்க நிர்வாகம் பார்த்தவன் நான். யாருக்கு எழுதுவது, யாருக்குப் பிரதி போடுவது என்பதெல்லாம் தூக்கத்திலும் தெரியும். எழுதியும் இருந்தேன். பாதைக்குப் பொறுப்பானவர்கள், வாகனம் பாதையில் ஏறிய பிறகுதான் தங்கள் பொறுப்பு என்றார்கள். கரைக்குப் பொறுப்பானவர்கள், கரை தங்களுடையது, புகை தங்களுடையது அல்ல என்றார்கள். கொம்பனி மட்டும் உடனே பதில் போட்டது: 'உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது.' அதன் பிறகு, இரண்டாக இருந்த வான் மூன்றானது.

பூவரச மரத்தடியில் ஒரு பெண், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கணவன் பிடித்து வரும் இறாலைச் சந்தைக்குக் கொண்டுபோகக் காத்திருப்பவர். எழுந்து என்னிடம் வந்தார்.

"ஐயா, இந்த வான்காரரக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. விடியக்க வலைக்குப் போன மனிசன் இன்னும் வரல்ல. காத்தும் பெலக்குது. கூப்பிட்டாலும் இந்தச் சத்தத்துக்க ஒண்டும் கேக்காது."

துறையின் இரு பக்கமும் கண்டல் மரங்கள் அடர்ந்து கிடந்தன. நேரெதிரே உள்ள தண்ணீரைத் தவிர வேறெதுவும் அங்கிருந்து தெரியாது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. ஆனால் மனதில் பதிந்தது ஒன்றுதான்: என் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்துவிட்டார்.

முதல் வானின் கண்ணாடியைத் தட்டினேன். சாரதி அதை நாலு விரல் இறக்கினார்.

"நிக்கிற வண்டிக்கு எதுக்குத் தம்பி எஞ்சின்?"

"ஓஃப் பண்ணினா வண்டி படுத்திட்டு எண்டு ஒபிஸ் கொம்பியூட்டரில காட்டும் சேர். உடனே கோல் வரும், எங்க நித்திரை கொள்றாய் எண்டு."

"அதே ஒபிஸ்தானே டீசல மிச்சம் பிடிக்கச் சொல்லுது?"

"அது வேற ஆள் சேர். அவர் மாசக் கடைசியிலதான் கோல் எடுப்பார்."

இதைக் கேட்டபின் என்னால் பொறுக்க முடியவில்லை. தொடங்கினேன். வீணாகும் டீசல், சுவாசிக்கும் புகை, தேயும் எஞ்சின் என்று வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். அவரும் மற்ற இரு சாரதிகளும் வான்களை அப்படியே ஓடவிட்டு இறங்கி வந்தார்கள். "பென்ஷன் எடுத்தும் சேர் இன்னும் ஒபிச விடல்ல போல இரிக்கு" என்றார் ஒருவர். அதற்கும் பதில் சொன்னேன். விஷயம் என்னவென்றால், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று நான் கத்தினேன். எனக்கு மேலே கேட்க வேண்டுமே என்று அவர்கள் கத்தினார்கள்.

படார் என்று ஒரு சத்தம். அந்தப் பெண் முதல் வானின் முன்பக்கத்தில் ஓங்கி அறைந்திருந்தார்.

"என்ர மனிசன் தண்ணிக்க என்ன கெதியோ தெரியா! நிப்பாட்டுங்கடா இத!"

மூன்று பேரும் சாவிக்கு ஓடினார்கள். மூன்று எஞ்சினும் நின்றன. ஒபிசில் என்ன காட்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் மட்டும், பார்த்தீர்களா, நிறுத்த முடிகிறதுதானே, இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன் என்று தொடர்ந்துகொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஐயா, நீங்களும் ஒருக்கா நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். காற்றின் இரைச்சல். கரையில் தண்ணீர் மோதும் சத்தம். பிறகு, இடப்பக்கக் கண்டலுக்கு அப்பால் இருந்து, கம்மிப்போன ஒரு குரல். சொல் என்று எதுவும் இல்லை, வெறும் கூவல். "அவர்தான்!" என்றார் அந்தப் பெண்.

சாரதிகள் மூவரும் கரையில் கட்டியிருந்த தோணியொன்றை அவிழ்த்துத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரைக் கொண்டுவந்தார்கள். தோணி கவிழ்ந்து, கால் வலையில் சிக்கி, கவிழ்ந்த தோணியைக் கட்டிப்பிடித்தபடியே கிடந்திருக்கிறார்.

"எஞ்சின் சத்தம் கேட்டிச்சு. ஆக்கள் நிக்காங்க எண்டு தெரியும். அதான் விடாமக் கத்தினன்" என்றார், குரலே வராமல்.

"வலை போனாப் போகுது எண்டு வெட்டிட்டு வரத் தெரியாதா உனக்கு?" என்று ஏசிக்கொண்டே மனைவி சேலைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினார்.

முதல் வானுக்குள் போன் அடித்தது. சாரதி நனைந்த உடுப்போடு போய் எடுத்தார். "ஓம், வண்டி நிக்கிது. பாதையடியில நிக்கிற வண்டி நிக்கத்தானே செய்யும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மூவரும் இப்போது துறைக்கு வந்தவுடன் எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள். ஒபிசிலிருந்து கோல் வந்தபடியேதான் இருக்கிறது. வேறு கொம்பனி வான்கள் வந்து நின்று உறுமுவதும் குறையவில்லை. எனக்கு எரிச்சலும் குறையவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டுவதற்கு முன், வாயை மூடிக்கொண்டு கண்டல் பக்கம் ஒரு தடவை காது கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.