சர்வருக்குப் பெயர் மாற்றிய சங்கு

எங்கள் தொழிற்சாலையின் வரைபடங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அதன் பெயரை மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய பெயர் அவர்களை என்ன செய்தது என்று கேட்கும் அளவுக்கு எனக்குக் கோபம் இருந்தது, பதவி இல்லை.

பெயரை மாற்றினால் சர்வரை ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட விடவேண்டும். அந்த நேரத்தில் யாராவது வரைந்துகொண்டிருந்தால், சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும். அதனால் எல்லாப் பிரிவுகளுக்கும் போன் செய்தேன். "சாப்பாட்டுச் சங்கு ஊதினதும் எல்லாத்தையும் மூடிடுங்க" என்றேன்.

சங்கு ஊதியது. பெயரை மாற்றி, சர்வரை நிறுத்தினேன். உடனே மூன்று போன்கள் ஒன்றாக அலறின.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஊதியது பக்கத்துத் தங்கச் சுரங்கத்தின் சங்கு. எங்கள் தொழிற்சாலைச் சங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் அந்தச் சுரங்கத்தின் கோரமண்டல் பகுதியில், தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவன். அந்தச் சங்கு ஊதினால்தான் வீட்டில் தட்டு வைப்பார்கள்.

வரைபடப் பிரிவு மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரும் அதே சுரங்கத்தின் பாலகாட் லைனில் பிறந்தவர்.

"இன்னாப்பா நீ! மைன்ஸ் சங்குக்கும் நம்ம சங்குக்கும் வித்தியாசம் தெரியாதா? காலையிலேர்ந்து போட்ட டிராயிங் பூட்ச்சே!"

என்னைப் பார்த்து அவர் ஆட்டிய விரலில் தயிர்சாதம் ஒட்டியிருந்தது.