உத்தரத்தில் தொங்கிய கணினி

என் ஆராய்ச்சி முழுவதும் எங்கள் கூடத்தில், உத்தரத்திலிருந்து தொங்கிய கணினிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எங்கள் குடும்பம் நம்பியது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணி காட்டினாள். அப்பா வெளியே போய் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதன் கயிறுகளை இழுத்துப் பார்ப்பார். உண்மை தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். அவன் எதையும் மறைக்கவில்லை. அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணினி தொங்கியதற்குக் காரணம் உண்டு. தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் எப்போதாவது பாறை வெடித்துச் சரியும். மேலே எங்கள் வீடுகள் உலுக்கப்படும். பரணில் இருக்கும் டப்பாக்கள் இறங்கி வரும். ஏர் பிளாஸ்ட் என்போம். கணினிக்குள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க் அதிர்ச்சி தாங்காது என்று அண்ணன் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. மறுநாளே ஒரு பலகையை நான்கு கயிறுகளில் கட்டித் தொங்கவிட்டு, கணினியை அதில் ஏற்றிவிட்டார். அதற்கும் கேஜ் என்றே பெயர் வைத்தார். நான் தட்டச்சு செய்யத் தொடங்கினால் பலகை மெல்ல விலகிப் போகும். முழங்காலால் அதை அணைத்துக்கொண்டுதான் என் முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதினேன்.

என் ஆய்வுப் பொருள் குழாயடிச் சண்டைகளின் மொழி. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வரும் வேளைகளில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வசவுக்குள் கலந்து வருவதை ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தேன். அதில் பட்டம் பெற்றால் உள்ளூர்க் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைக்கும் நிலை. பெறாவிட்டால், வேலூரில் பார்த்து வைத்திருந்த வரனுக்குச் சம்மதம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அந்த வரன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றியபோது எங்கள் பழைய டிஸ்க்கில் இடம் போதவில்லை. எதிர்வரிசைப் பாத்திரக்கடை முதலாளி கௌரவத்துக்காகப் பெரிய கணினி ஒன்று வாங்கிக் கல்லாவின் கீழ் வைத்திருந்தார். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளனாக இருந்த அண்ணன், அவருக்கு ரசீது போடும் வசதி செய்து கொடுத்தான். பதிலுக்கு அதன் டிஸ்க்கில் பாதியைக் கேட்டு வாங்கினான். அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத் தெருவின் குறுக்கே ஒரு கேபிள் வந்தது. அதன் பிறகு எங்கள் திரையில் இசட் என்று ஒரு டிரைவ் தோன்றியது. திறந்தால் என் சண்டைகள் அனைத்தும், எழுதிய அத்தியாயங்களோடு, வரிசையாக நின்றன.

"எதிர்க்கடையில கீறது நம்ம வீட்ல கீற மாதிரியே தெரியும். எங்க கீதுன்னு தெரியாம இருக்கறதுதான் இதோட அழகே" என்றான் அண்ணன், பெருமையாக.

"தெரியாம இன்னாடா? இதோ, என் கண்ணு முன்னாடி கீதே!" என்று திரையைத் தட்டிக் காட்டினார் அப்பா.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது பிளாஸ்ட் வந்தது. அப்பா எச்சில் கையோடு பாய்ந்து கேஜைக் கட்டிக்கொண்டார். அடுப்படியில் ஏதோ உடைந்தது. எதிர்வரிசையில் பித்தளையும் எவர்சில்வரும் கொட்டுகிற ஓசை நெடுநேரம் நிற்கவில்லை. ஓய்ந்தபின் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"பாத்தியா? ஒரு கீறல் இல்ல. உன் படிப்பக் காப்பாத்திட்டேன்."

நான் திரையைப் பார்த்தேன். இசட்டின்மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது.

அண்ணன் நிதானமாகச் சொன்னான்: "ப்பா, நீங்க கட்டிப் புடிச்சது வெறும் பொட்டி. அவ படிப்பு அண்டாவுக்கு அடியில கீது."

அப்பா கயிற்றை விடாமல் கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நான் எதைடா தொங்கவுட்டுக்கினு இருந்தேன்?"

"எதிர்க்கடையை எட்டிப் பாக்கற ஜன்னலை" என்றான் அண்ணன்.

கடைக்கு ஓடினோம். முதலாளி குடங்களுக்கு நடுவே, அடிபடாமல், ஆத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். திரை நொறுங்கிக் கிடந்தது. கல்லா ஒருபக்கம் சாய்ந்திருக்க, அதன் கீழிருந்த பெட்டியின்மேல் ஒரு கல்யாண அண்டா கவிழ்ந்து, அதை முழுவதும் மூடியிருந்தது. அப்பா அண்டாவைத் தூக்கினார். பெட்டியின் மூலையில் ஒரு நசுங்கல், அவ்வளவே. எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கள் திரையில் இணைத்துப் போட்டபோது, முதல் கோப்பிலேயே ஒரு பெண் "ஏய், குடத்த எட்றீ!" என்று கத்தினாள். அம்மா அழுதுவிட்டாள்.

அப்பா இரண்டாவது கேஜ் கட்டத் தொடங்கினார்.

"டிரைவரே, அது என் மெஷின். கடைக்குப் போவணும்" என்றார் முதலாளி.

"பொண்ணு பரீட்சை முடியட்டும் முதலாளி. அதுவரைக்கும் கடையை இங்க கொண்டாங்க."

அவர் கொண்டுவந்தார். கடையில் பாத்திரத்தை எடுத்தவர்கள் ரசீதுக்காக எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். முதலாளி ஆடும் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ரசீது போடுவார். அவர் எழுந்ததும் நான் உட்காருவேன். தவலை வாங்க வந்த ஓர் அம்மாள் ஒலிப்பதிவில் தன் குரலைக் கண்டுபிடித்து, "நான் சொன்னதுல பாதியைத்தான் வச்சிகீறே" என்று குறைப்பட்டு, மீதியை அங்கேயே நின்று சொல்லி முடித்தார். என் நான்காம் அத்தியாயத்தின் சிறந்த பகுதி அது. காப்பி போட்டே அம்மாவுக்குக் கை ஓய்ந்தது.

ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. பட்டம் வந்தது; வேலையும் வந்தது. வேலூர்க்காரர்களுக்கு அப்பாவே நேரில் போய் மறுப்புச் சொன்னார். போன காரியத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு அவர்களுக்கு ஏர் பிளாஸ்ட் பற்றி விளக்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு சுரங்கத்தை மூடினார்கள். அண்ணன் பெங்களூருக்குப் போனான். முதலாளி, மகனோடு இருக்கக் கடையை விட்டுப் போனார். சில ஆண்டுகளில் அப்பாவும் இறந்துபோனார். இன்று அந்த வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.